காலவரையற்ற விடுமுறை: தமிழகக் கல்லூரிப் போராட்டங்களும் மூடும் ஆணையும்

தமிழகத்தில் மாணவர்கள் கிளர்ந்தெழும்போது வருவது தடியா, துப்பாக்கியா, பேச்சுவார்த்தையா என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. அதிகம் மாறாமல் தொடர்வது ஓர் அறிவிப்பு: கல்லூரிக்கு மறு உத்தரவு வரை விடுமுறை, விடுதியைக் காலி செய்யுங்கள். மெஸ்ஸில் அடுப்பை அணைத்துவிட்டால் வெளியூர் மாணவருக்குப் பேருந்து ஏறுவதைத் தவிர வழியில்லை. இந்த ஆணை போராட்டங்களை அடக்கியதா, திசைதிருப்பியதா என்பது தனியே ஆராயத்தக்கது.

ஆங்கிலத்துக்கு அரசமைப்புச் சட்டம் தந்த 15 ஆண்டுக் கெடு 1965 ஜனவரி 26இல் முடிந்தது. 1963இன் ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடர இடம் தந்ததே தவிர, உறுதி தரவில்லை. கல்லூரி மாணவர் பேரவைகளின் தலைவர்கள் ஒன்றுகூடி இந்தி எதிர்ப்புப் போராட்டக் குழுவை அமைத்தார்கள். ஜனவரி 25இல் மதுரை ஊர்வலம் மோதலில் முடிந்தது. 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார். கல்லூரிகள் மூடப்பட்டன.

ஆனால் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தீ பரவியது திருப்பூர், பொள்ளாச்சி போன்ற ஊர்களில். விடுதிகளிலிருந்து ஊர் திரும்பிய மாணவர்களோடு போராட்டமும் ஊர் போய்ச் சேர்ந்தது என்று கருத இடமிருக்கிறது. பிப்ரவரி 11இல் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகினர். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் ஆங்கிலம் தொடரும் என்று உறுதியளித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே போராட்டத்தில் உருவான மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

1965இன் முதுகெலும்பு தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை. அதுதான் பின்னாளில் தேய்ந்தது. கட்சிகளின் மாணவர் அணிகள் வளாகத்துக்குள் வந்தன. 1980களின் நடுவிலிருந்து சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. பல கல்லூரிகளில் தேர்தலே நின்றுபோய், ஆசிரியர் கைகாட்டுபவரே பிரதிநிதி என்றானது.

2006இல் உச்ச நீதிமன்றம், மாணவர் பேரவைத் தேர்தல் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஏற்றுத் தேர்தலை நடத்தச் சொன்னது. அந்த விதிகளைப் படித்தால் நிர்வாகங்களின் அச்சம் கண்ணில் படும். வேட்பாளருக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடித்த சுவரொட்டிக்குத் தடை, கையால் எழுதியது மட்டுமே செல்லும். இத்தனை கட்டுப்பாடுகளோடு கூட, பல வளாகங்களில் தேர்தல் வரவில்லை.

பேரவை இல்லாத தலைமுறை வேறு வழி கண்டது. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் ஈழத் தமிழருக்கு நீதி கேட்டுக் கோயம்பேட்டில் உண்ணாவிரதம் இருந்தார்கள். போலீஸ் இரவில் அவர்களை அப்புறப்படுத்தியதும் போராட்டம் மாநிலம் முழுக்கப் பற்றியது. அரசு கல்லூரிகளையும் விடுதிகளையும் மூடியது. போராட்டம் தெருவுக்கு வந்தது. மார்ச் 19இல் திமுக மத்தியக் கூட்டணியிலிருந்து விலகியது. 27இல் சட்டமன்றம் ஈழத்தில் பொதுவாக்கெடுப்பு கோரித் தீர்மானம் போட்டது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக மாணவர்கள் திரண்டார்கள். சென்னைக் கல்லூரிகள் பல விடுமுறை விட்டபோதும் மெரினாவில் கூட்டம் கரையவில்லை, பெருகியது. தலைவர் என்று யாரும் இல்லாத அந்தக் கூட்டத்தில் யாரிடம் பேசுவது என்று அரசு திணறியது. ஜனவரி 21இல் ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் வந்தது.

கதவை மூட இன்னொரு வழியும் உண்டு. 2015 மே மாதம் சென்னை ஐஐடி நிர்வாகம், அம்பேத்கர்-பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்தது. பெயரில்லாப் புகார் ஒன்றை மத்திய மனிதவள அமைச்சகம் அனுப்பி வைத்ததில் தொடங்கிய விவகாரம் அது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்ப, ஜூன் 7இல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

திருப்பம் 2023இல் வந்தது. பாலியல் தொல்லைப் புகார்களை எழுப்பி மார்ச் 30இல் சென்னை கலாக்ஷேத்ரா கலைக் கல்லூரி மாணவர்கள் வளாகத்துக்குள் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் ஏப்ரல் 6 வரை கல்லூரியை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொன்னது. மாணவர்கள் நகரவில்லை. 1965இலும் 2013இலும் கோரிக்கை டெல்லியை நோக்கியது. அதை ஊருக்குப் போயும் எழுப்ப முடிந்தது. இங்கே புகார் வளாகத்தின் மேலேயே என்பதால் வெளியேறினால் வழக்கே நீர்த்துவிடும். ஏப்ரல் 3இல் ஆசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோதும் மாணவர்கள் உள்ளேயே திரண்டு பாதுகாப்பு கேட்டார்கள். குற்றவாளிக்கு 2025 ஜூனில் குறைந்தது 30 ஆண்டு சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது. விளக்கு, கேமரா, புகார்க் குழு போன்ற அன்றாடக் கோரிக்கைகளை ஆண்டு முழுதும் நிர்வாகத்தோடு பேச வேண்டிய இடம் பேரவை. லிங்டோ விதிகள் வந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகியும், பல வளாகங்களில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.