கடையை மூடினா கை நடுக்கம் நிக்குமா?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் டாஸ்மாக் திறக்கறதுக்கு முன்னாடியே கை நடுங்க நிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. "திமிரு"ன்னு கடந்து போயிடுவோம்.

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டு வந்தது. 2003-லிருந்து அரசே சில்லறைக் கடை நடத்துது. மூடினாலும் திறந்தாலும் பேச்சு கடையைப் பத்தித்தான். நடுங்கற உடம்பைப் பத்தி?

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். குடியை நோயாப் பார்த்து வைத்தியம் செய்யற இடம் அது.

மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடிச்சா, அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கும். திடீர்னு நிறுத்தினா அந்த வேகம் மட்டும் மிச்சம். அதான் நடுக்கம், சிலருக்கு வலிப்பும் வரும், உயிரே போகலாம்.

அதனால வீட்டில் யாராவது நிறுத்தணும்னு சொன்னா, ரூம்ல பூட்டி வைக்காதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.