இசையின் பாலபாடம்: கல்லெழுத்து முதல் கணினித்திரை வரை

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, ஏறக்குறைய இரண்டு கல் தொலைவில் அலுவிகாரை அமைந்துள்ளது. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் காலத்திலே, அதுகாறும் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பெற்ற இடம் இதுவே என்பது பௌத்த மரபு. போரும் பஞ்சமும் நாட்டை வருத்திய காலம் அது. ஓதுவோர் தொகை குறைந்தது. ஓதுவோர் மறையின் ஓதப்படுவதும் மறையும் என்னும் அச்சமே துறவியரை எழுத்தாணி எடுக்கச் செய்தது. நெஞ்சில் நின்ற கல்வியைப் புறத்தே ஒரு பொருளில் ஏற்றிவைத்த செயலுக்கு மாத்தளை மாவட்டத்தார் வேறிடத்தில் சான்று தேட வேண்டுவதில்லை.

இன்று அதே மாவட்டத்தின் தோட்டமொன்றிலே, லயன் அறைச் சுவரிற் கையடக்கத் தொலைபேசியைச் சாய்த்துவைத்துச் சரளி வரிசை பயிலும் சிறுமி ஒருத்தி, தன்னை அறியாமலே அப்பழைய வினாவின் முன் அமர்ந்திருக்கின்றாள். குருவின் வாயிலிருந்து மாணாக்கரின் செவிக்கு நேரே சென்ற கல்வி, இடையில் ஒரு கருவியை ஏற்கும்போது எதனைக் கொண்டுசெல்கின்றது? எதனை வழியிலே விட்டுவிடுகின்றது? இணையத்தோடு பிறந்த வினா என்று இதனைக் கருதுவோர் உளர். இசை வரலாறு அவ்வாறு கூறவில்லை.

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையிலே குகைக்கோயிலின் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று உண்டு. எழுத்தமைதி கொண்டு அதனை 7ஆம் நூற்றாண்டினது என்பர். ஏழு பிரிவுகளாக, நந்நான்கு சுவரங்களாகத் தொகுத்து, பயிற்சிக்குரிய சுவரக்கோவைகள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனும் பரம மாகேசுவரனுமாகிய ஓர் அரசன், மாணாக்கர் நன்மை கருதி அவற்றைச் செய்தான் என்று அதன் முடிவுரை கூறுகின்றது. அவ்வரசன் மகேந்திரவர்ம பல்லவனே என்பார் ஒரு சாரார். அல்லன் என்பார் மற்றொரு சாரார். அவ்வழக்கு ஈண்டு வேண்டா. கருதத்தக்கது, குரு அருகில் இல்லாதபோதும் மாணாக்கன் பார்த்துப் பயிலவேண்டும் என்று ஒருவர் எண்ணினார் என்பதே. ஒரு வகையில் அப்பாறை அக்காலத்துத் திரை.

ஆயின் அப்பாறையின் இன்றைய நிலை யாது? எழுத்துக்கள் பெரும்பாலும் தெளிவாக உள்ளன. சுவரங்கள் ச, சி, சு, செ என்றாற்போல உயிர் மாறி மாறி வருகின்றன. சிலவற்றின் மேல் புள்ளியும் உண்டு. அவ்வுயிர் மாற்றமும் புள்ளியும் எவ்வொலியைக் குறித்தன என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்படவில்லை. கல் எழுத்தைக் காத்தது. அவ்வெழுத்தை ஒலியாக்கிக் காட்டும் வாய் இடையில் எங்கேயோ அற்றுப்போயிற்று. சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட யாழ் நூலிலே, வழக்கொழிந்த யாழ்களை நூற்சான்றும் கணக்கும் கொண்டு மீண்டும் உருவாக்க முயன்றதற்கும் இத்தகைய அறுதலே காரணம்.

மேல்நாட்டிலும் இவ்வெண்ணம் தோன்றியது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு அரெட்சோ நகரில் வாழ்ந்த குயிதோ என்னும் துறவி, கோட்டின் மேல் சுவரங்களை எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். முன்னர்ப் பத்தாண்டு பயின்றும் குறைபாடாகவே பாடிய தேவாலயச் சிறுவர், தம் முறையால் ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில், தேர்ச்சி பெறுவர் என்று அவர் கடிதமொன்றில் எழுதினார். புதிய கல்விக்கருவியை விளம்பரப்படுத்துவோர் இன்று கூறும் சொற்களும் இவையே என்பது நகைப்பிற்குரியது. எனினும் குயிதோ கூறியது பொய்யன்று. கேளாத பாட்டையும் ஏடு நோக்கிப் பாடும் ஆற்றல் அம்முறையாற் கைகூடியது.

கர்நாடக சங்கீதத்தின் பாலபாடத்தை ஒழுங்குபடுத்திய பெருமை புரந்தரதாசருக்கு (1484–1564) உரியது என்பது மரபு. சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், பின்னர்க் கீதம் எனப் படிப்படியாக ஏறும் இவ்வமைப்பே ஓர் அரிய கருவி. இதற்கு மாயாமாளவகௌளை இராகம் தெரிந்தெடுக்கப்பட்டதிலும் நுட்பம் உண்டு. ச ரி க ம என்னும் கீழ்ப்பாதியில் சுவரங்கள் எத்துணை இடைவெளியில் நிற்கின்றனவோ, ப த நி ச என்னும் மேற்பாதியிலும் அத்துணை இடைவெளியிலேயே நிற்கின்றன. ஒரு பாதியைப் பிடித்த குரல் மறு பாதியை எளிதிற் பிடிக்கும். ஒரே வரிசையை மூன்று காலங்களிற் பாடுவதால் தாளமும் உடன் பதிகின்றது. மென்பொருள் ஆக்குவோர் இன்று முதலிற் கைவைப்பது இவ்வரிசைகளிலேயே; எண்ணிக்கைக்கும் ஒழுங்குக்கும் உட்பட்டவை ஆதலின் கணினிக்கு இவை வெகு பொருத்தமானவை.

அச்சு வந்தபின் பாலபாடம் வீடுதோறும் செல்லலாயிற்று. எட்டயபுரத்தில் 1904இல் தெலுங்கு எழுத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கமகங்களுக்கும் தனித்தனிக் குறியீடு வகுத்த பெருநூல். குடும்பச் செல்வமாகக் காத்துவந்த பாடாந்தரத்தை அச்சிலேற்ற அவர் முதலில் தயங்கினார். சின்னசாமி முதலியாரின் விடாத தூண்டுதலும் எட்டயபுரம் அரசரின் வேண்டுகோளுமே அவரை இணங்கச் செய்தன. அத்தயக்கத்தைப் பழமைப்பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. முன்பே கேட்டவருக்குக் குறியீடு நினைவூட்டும். ஒருபோதும் கேளாதவருக்கு அது ஒலியைத் தராது. இதனை அவர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

இலங்கையிலே பாலபாடம் குருகுலத்தை விட்டுப் பாடசாலைக்கு வந்த வரலாற்றில் வட இலங்கைச் சங்கீத சபைக்கு முதலிடம் உண்டு. 1931இல் தோன்றிய அச்சபை தரந்தரமாகப் பரீட்சை வகுத்து, ஆசிரியர் தரம் வரை கொண்டுசென்றது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி எழுந்தது. மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராக இருந்து பணியாற்றினார். 1975இல் அது பல்கலைக்கழக வளாகத்துடன் இணைந்தது. இன்று கல்விப் பொதுத் தராதர சாதாரண தரத்தில் அழகியற் பாடங்களுள் ஒன்றாகக் கர்நாடக சங்கீதம் விளங்குகின்றது. ஆகவே ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியர் உளரா இலரா என்பது, மாணவர் ஒருவர் எப்பாடத்துக்குத் தோற்றலாம் என்பதையே தீர்மானிக்கின்றது.

மாத்தளைக்கு இவ்விடத்து ஒரு தனி நிலை உண்டு. 1880இல் புகையிரதம் வருமுன்னரே, மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்த தோட்டத் தொழிலாளர் மலைநாட்டை எட்டிப்பார்த்த வாயில் இவ்வூர். அவர்கள் கொணர்ந்த இசை ஏட்டில் இல்லாத இசை. காமன்கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துக்களின் பாட்டும் தப்பின் அடியும், தந்தையைப் பார்த்து மகனும் மூத்தாரைப் பார்த்து இளையாரும் கற்றவை. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகப் பஞ்சரதப் பவனியிலோ நாதசுரமும் தவிலும் ஒலிக்கும். இவ்விரண்டு மரபுக்கும் நடுவே, சுவரம் எழுதிய கொப்பியோடு பள்ளிச் சங்கீதம் புகுந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது பெரும்பாலும் 1970களின் பிற்பகுதியிலேதான் என்பதை நினைந்தால், அங்கு அழகியற் கல்வி காலந்தாழ்த்தியமைக்கு வேறு காரணம் தேட வேண்டா.

இடைக்காலத்துக் கருவிகளைச் சுருங்கக் கூறலாம். இசைத்தட்டு மூன்று நிமிடத்தில் முடிந்தது. பாலபாடத்துக்கு அது உதவவில்லை. சென்னை வானொலியின் இசைப்பயிற்சி நிகழ்ச்சி பலருக்கு உதவியது. ஆயினும் தவறவிட்ட பாடம் தவறியதே. ஒலிநாடா வந்தபின் பாடத்தைத் திருப்பிக் கேட்க முடிந்தது. 1970களின் இறுதியிற் பெங்களூரில் உருவான மின்னணுச் சுருதிப்பெட்டி, தம்புரா வாங்க இயலாத வீட்டுக்கும் சுருதியைக் கொடுத்தது. பாலபாடத்துக்குக் கிடைத்த எந்திர உதவிகளுள் இதனையே தலைசிறந்ததாகக் கொள்ளல் வேண்டும். இன்று அப்பெட்டியும் தொலைபேசிக்குள் அடங்கிவிட்டது.

இனி மென்பொருள். சுவரங்களைத் தட்டெழுதினால் கணினியே ஒலித்துக்காட்டும் ‘காயகா’ போன்றவற்றில் கமகத்தையும் சேர்க்க வழியுண்டு. எம். சுப்பிரமணியன் என்பார் ஆக்கிய கருவி அது. வேறு சில, பாடும் குரலின் சுருதியைக் கோடாக வரைந்து, நின்ற இடம் சரியா பிழையா என்று காட்டும். மாணாக்கர் இவற்றை முற்றாக நம்புதலும் தகாது. முற்றாக ஒதுக்குதலும் தகாது. பல கருவிகள் ஒரு தாயியைப் பன்னிரண்டு சமபாகங்களாகப் பிரித்த மேல்நாட்டுப் பியானோ அளவையே கொண்டுள்ளன. ஒரு பாகம் 100 செந்து. அவ்வளவில் மாயாமாளவகௌளையின் அந்தர காந்தாரம் 400 செந்து. தம்புராவோடு இயல்பாக இசையும் 5/4 என்னும் விகிதத்திலோ அது 386 செந்து. காகலி நிஷாதம் 1100க்கு மாறாக 1088. சுத்த ரிஷபம் 100க்கு மாறாக 112. சுருதியோடு கலந்து நன்றாகப் பாடும் பிள்ளையைக் கருவி ‘குறைவு’ என்று கண்டிக்கவும் கூடும். தோடியின் காந்தாரம் போல அசைந்தே நிற்கும் சுவரத்துக்கு வந்தால் கோடு அலைபாயும், கருவி திகைக்கும். எனினும் கால் சுவரம் விலகி நிற்கும் தொடக்கக் குரலை நெறிப்படுத்த இவ்வளவும் பயனுடையதே. சரளியிலும் ஜண்டையிலும் கருவி உதவும். கீதம் தொடங்கும்போது அதன் அதிகாரம் குறையத் தொடங்குகின்றது.

நேரடி இணைய வகுப்பின் சிக்கல் வேறு. ஒலி காற்றில் ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். இணையவழி செல்லும் குரலுக்கு விநாடியிற் பத்திலொரு பங்கு தாமதம் நேர்ந்தால், குருவும் மாணாக்கரும் 34 மீற்றர் இடைவெளியில், கோயில் வீதியின் இரு மூலைகளில் நின்று சேர்ந்து பாடுவது போலாகும். முதற்காலத்தில் அதனைத் தாங்கலாம். மூன்றாங் காலத்தில் தாளம் சிதறும். மறுமுனையிலிருந்து திரும்பும் குரலுக்கும் அதே தாமதம் உண்டாதலின், ஆசிரியர் காதில் மாணாக்கர் இருமடங்கு பின்தங்குவர், பிழை மாணாக்கருடையதன்று. அதனால் இணைய வகுப்பில் உடன்பாடுதல் கைவிடப்பட்டு, ஆசிரியர் பாட மாணாக்கர் திருப்பிப் பாடும் முறையே எஞ்சிற்று.

மற்றொரு குறை பலர் கவனத்துக்கு வராதது. சூம் முதலிய செயலிகள் உரையாடலுக்காக ஆக்கப்பட்டவை. இடைவிடாது ஒரே நிலையில் ஒலிப்பது எதுவோ அதனை இரைச்சல் என்று கொண்டு அவை நீக்க முயலும். தம்புராவின் இயல்பே இடைவிடாது ஒலித்தல். மின்விசிறியோடு சேர்த்துச் சுருதியையும் கருவி களைந்துவிடுகின்றது. மூல ஒலியை அவ்வாறே அனுப்பும் அமைப்பைத் தெரிந்துகொண்டாலொழிய இதற்குப் பரிகாரமில்லை. ஐந்து கட்டையிற் பாடும் சிறுமிக்குரிய தம்புராவின் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 98 அதிர்வு. தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கி அதனைச் செவ்வனே தரமாட்டாது. ஆகவே சுருதி மாணாக்கரின் அறையிலேயே, வேறொரு கருவியில் ஒலித்தல் வேண்டும்.

2020 மார்ச்சு மாதத்தில் கோவிட் பெருந்தொற்றால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவையெல்லாம் ஏட்டுவாதமாக நிற்கவில்லை. ஊவாவிலே போகிட்டியாவ என்னும் ஊர்ப் பிள்ளைகளும் ஆசிரியரும் இணைய அலை பிடிக்க மலையேறிப் பாறைமேல் அமர்ந்த செய்தி 2021இல் உலகெங்கும் பரவியது. கணக்கும் மொழியும் பாறைமேலிருந்து படிக்கலாம். காற்று வீசும் பாறையில் சுருதி சேர்த்துப் பாடுவது எங்ஙனம்? தொற்றுத் தணிந்தபின் 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மாத்தளையிலே மலைச்சரிவில் உள்ள தோட்டங்களுக்கு அலையும் குறைவு, மின்னும் குறைவு, ஒரு குடும்பத்துக்குத் தொலைபேசியும் பெரும்பாலும் ஒன்றே என்றால், நேரடி வகுப்பை முதன்மையாகக் கொண்ட எத்திட்டமும் வசதியுள்ள நகரப் பிள்ளைக்கே பயன்பட்டது என்று கூறுதல் மிகையாகாது.

யூரியூப் இக்குறையை ஓரளவு தீர்த்தது என்பது உண்மை. தேர்ந்த வித்துவான்கள் பாடிய சரளியும் கீதமும் அங்கே கிடைக்கின்றன. சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலை மாணவி, முன்னொருகாலும் கேட்டிராத செம்மையான குரலைக் கேட்கின்றாள். குடுமியான்மலைப் பாறை தராததை, தீட்சிதரின் நூல் தராததை, இத்திரை தருகின்றது. இத்துணைப் பெரிய பேற்றைச் சிறுமைப்படுத்துவோர் ஆசிரியர் கிடையாத ஊரை அறியாதோர். ஆயினும் அத்திரை பாடுமேயன்றிக் கேளாது. அவள் நிஷாதத்தைத் தாழ்த்திப் பாடினும், மூச்சை இடையில் முறித்தாலும், அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டேயிருக்கும். பழைய குரு ஒருவர் செய்த வேலையிற் பாதி பாடிக்காட்டுதல். மறுபாதி, ‘நிறுத்து’ என்றல்.

அம்மறுபாதியை மலையகப் பாடசாலைக்குக் கொண்டுவரச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. ஒரு மணி நேரக் காணொளி வகுப்பு பல நூறு மெகாபைற்றுக்களை விழுங்கும். ஒரு நிமிடக் குரற்பதிவு ஒரு மெகாபைற்றுக்கும் குறைவு. மாணவி சுருதியை அருகில் ஒலிக்கவிட்டு, ஜண்டை வரிசையொன்றை மூன்று காலத்திலும் பாடிப் பதிவுசெய்து, அலை கிடைக்கும் நேரத்தில் வட்ஸ்அப் வழியே அனுப்புகின்றாள். தாமதம் ஈண்டுத் தாளத்தைக் கெடுப்பதில்லை. சுருதியும் குரலும் ஒன்றாகவே செல்கின்றன. மாத்தளை நகரிலோ மருதனார்மடத்திலோ உள்ள ஆசிரியர் இரவில் அதனைக் கேட்டு, பிழைத்த இடத்தை மட்டும் பாடிக்காட்டி இரண்டு வரியில் விடை அனுப்புகின்றார்: இரண்டாங் காலத்தில் தைவதம் ஏறுகின்றது, முதற்காலத்துக்கு மீண்டு நாளை மறுபடியும் அனுப்புக.