காரில் கணினி: ஒரு வரலாறு

காரில் கணினி பொருத்துதல் என்பது, வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படும் தனியாள் கணினியைக் காருக்குள் அமைத்து, காரின் மின்சாரத்திலேயே இயங்கச் செய்வதாகும். கார், கம்ப்யூட்டர் என்னும் இரு சொற்களையும் இணைத்து இதனைக் 'கார்ப்யூட்டர்' என்று ஆங்கிலத்தில் அழைத்தனர். எஞ்சினையும் பிரேக்கையும் கட்டுப்படுத்த ஆலையிலேயே பொருத்தப்படும் சிறு கணினிகளிலிருந்து இது வேறுபட்டது. 1990களின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆர்வலர்களிடையே பரவத் தொடங்கிய இக்கலை, ஏறத்தாழ 15 ஆண்டுகள் தழைத்து, பின்னர் மங்கியது. ஆயினும் அது எழுப்பிய கேள்வி இன்னும் மங்கவில்லை. 15 ஆண்டுகள் ஓடும் காருக்குள் 5 ஆண்டுகளில் பழையதாகிவிடும் கணினியை வைத்தால், அதைத் திறக்கவும் மாற்றவும் உரிமை யாருக்கு உண்டு?

முன்னோடிகள்

1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'எலக்ட்ரோ கைரோகேட்டர்' என்னும் வழிகாட்டும் கருவியை வெளியிட்டது. ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட வரைபடத்தைத் திரையின் முன் செருகி, கார் செல்லும் தடத்தை அதில் காணவேண்டும்.

உண்மையான கணினி ஒன்று காரில் ஏறியது 1985இல். கலிபோர்னியாவில் ஸ்டான் ஹனி தொடங்கிய எட்டாக் நிறுவனத்தின் 'நேவிகேட்டர்', ஐ.பி.எம். தனியாள் கணினியில் இருந்த அதே இன்டெல் 8088 செயலியால் இயங்கியது. கணினிப் பெட்டி டிக்கியில் இருந்தது. சிறிய திரை ஓட்டுநரின் அருகில் இருந்தது. வரைபடங்கள் ஒலிநாடாவைப் போன்ற கேசட்டுகளில் இருந்தன. செயற்கைக்கோள் உதவி ஏதும் இல்லை. சக்கரங்களின் சுழற்சியையும் திசைகாட்டியையும் கொண்டே கார் நிற்குமிடத்தைக் கணக்கிட்டது. 'எட்டாக்' என்பது பசிபிக் தீவு மாலுமிகளின் சொல். படகு நிலையாக நிற்பதாகவும் தீவுகளே அதைக் கடந்து செல்வதாகவும் கொண்டு கணக்கிடும் முறையை அது குறிக்கும். இக்கருவியின் திரையிலும் கார் நடுவில் நிற்க, வரைபடமே நகர்ந்தது. இன்றைய கைப்பேசி வரைபடங்களிலும் அதே முறையைக் காணலாம்.

1986இல் அமெரிக்காவின் பியூக் ரிவியேரா காரில் தொலைக்காட்சிக் குழாய் வகைத் தொடுதிரை வந்தது. குளிர்சாதனத்தைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும்கூடச் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவேண்டியிருக்கிறது என்று பலர் குறைகூறினர். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

தேவை பிறந்த விதம்

1990களின் இறுதியில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது எம்.பி.3 இசைக்கோப்பு. ஒரு குறுந்தட்டில் 74 நிமிட இசையே அடங்கும். வினாடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கிய எம்.பி.3 வடிவிலோ, ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் போதும். அந்தக் கணக்கில் 10 கிகாபைட் வன்தட்டு ஒன்றில் 170 மணி நேர இசை அடங்கும். அதைக் காரில் வாசிக்கக் கடைகளில் கருவிகள் அரிதாக இருந்தன. கணினியோ பலரிடம் இருந்தது.

இரண்டாவது ஜி.பி.எஸ். பொதுமக்களுக்கான குறிகையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை பிசகக்கூடியதாக இருந்த இடங்காட்டல், அதன்பின் கார் எந்தத் தெருவில் நிற்கிறது என்று சொல்லும் அளவுக்குத் துல்லியமானது.

நிறுவனங்களும் முயன்றன. 1998இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சி.இ. மென்பொருளோடு கிளாரியன் நிறுவனத்தின் 'ஆட்டோ பி.சி.' வந்தது. குரல் கட்டளைக்கும் பணிந்த அதன் விலை 1,299 டாலர். 1999இல் இங்கிலாந்தின் எம்பெக் நிறுவனம், லினக்சில் இயங்கி வன்தட்டிலிருந்து இசை வாசிக்கும் கருவியை விற்றது. அதைக் காரிலிருந்து உருவி வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பாட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். 2000இல் அந்நிறுவனம் சோனிக்புளூவுக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டே உற்பத்தி நின்றது. கருவியை வாங்கியவர்கள் அதைத் தாமே பழுதுபார்த்துப் பல்லாண்டுகள் பயன்படுத்தினர்.

மின்சாரச் சிக்கல்

காரில் கணினி வைப்பதில் கடினமான பகுதி மின்சாரமே. வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போது விளக்கு ஒருகணம் மங்குவதைப் பார்த்திருப்போம். கார் எஞ்சினைக் கிளப்பும்போதும் அதுவே நடக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் பெருமளவு மின்னோட்டத்தை இழுப்பதால், 12 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் சில கணங்களுக்கு 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கக்கூடும். குளிர்நாடுகளில் இன்னும் இறங்கும். உடனே கணினி அணைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது அழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும். இடையிடையே அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த திடீர் அலைகளும் வரும்.

தொடக்கத்தில் ஆர்வலர்கள் இன்வெர்ட்டரைப் பயன்படுத்தினர். 12 வோல்ட் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக உயர்த்தி, கணினியின் மின்வழங்கியில் மறுபடியும் 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்குவது சுற்றுவழி. இரு இடத்திலும் ஆற்றல் வீணானது, சூடும் கூடியது. பின்னர் காருக்கென்றே மின்வழங்கிகள் வந்தன. அமெரிக்காவில் விற்ற 'எம்2-ஏ.டி.எக்ஸ்.' என்னும் சிறு பலகை, 6 முதல் 24 வோல்ட் வரை எது உள்ளே வந்தாலும் கணினிக்குச் சீரான மின்சாரம் தந்தது.

மின்சாரம் தருவதோடு அதன் வேலை முடிவதில்லை. சாவியைத் திருப்பினால் கணினி எழவேண்டும். சாவியை எடுத்தால் கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு அணையவேண்டும். அணைய மறுத்தால் சிறிது நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும்? 40 வாட் கணினி 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் இழுக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி 14 மணி நேரத்துக்குள் வற்றிவிடும். மாலையில் நிறுத்திய கார் காலையில் கிளம்பாது. ஆகவே பேட்டரி ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் தானே விலகிக்கொள்ளும் ஏற்பாடும் அப்பலகையில் இருந்தது.

வெப்பமும் அதிர்வும் அடுத்த இடர்கள். வெயிலில் பூட்டிநிற்கும் காரின் உள்ளே 60 பாகை செல்சியசைக் கடந்த வெப்பம் ஏறும். வன்தட்டுகள் பலவும் 55 பாகைக்குள் இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. பள்ளம் மேடுகளில் மேசைக்கணினியின் வன்தட்டைவிட மடிக்கணினியின் வன்தட்டு நன்கு தாங்கியது. எனவே அதையே ரப்பர் மெத்தைமேல் பொருத்தினர்.

சிறு பலகைகளின் காலம்

தைவானின் வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய 'மினி-ஐ.டி.எக்ஸ்.' தாய்ப்பலகை 17 சென்டிமீட்டர் சதுரமே கொண்டது. இருக்கைக்கு அடியிலோ கையுறைப் பெட்டியிலோ அதை அடக்கிவிடலாம். மின்விசிறி இல்லாமலே இயங்கிய வகைகளும் உண்டு. 2005 ஜனவரியில் ஆப்பிளின் மேக் மினி வந்ததும் அதுவும் கார்களில் ஏறியது.

திரைக்கு 7 அங்குலத் தொடுதிரைகள் கிடைத்தன. விரலால் தொடுவதற்கேற்ற பெரிய பொத்தான்கள் கொண்ட 'ரோட்ரன்னர்', 'சென்ட்ராஃபியூஸ்' போன்ற மென்பொருள்கள் எழுதப்பட்டன. அமெரிக்காவில் 1996 முதல் கார்களில் கட்டாயமான ஓ.பி.டி.-2 இணைப்பில் ஒரு கம்பியைச் செருகினால், எஞ்சினின் வெப்பம், சுழற்சி, பழுதுக் குறியீடு ஆகியவற்றையும் அதே திரையில் படிக்கலாம்.

இவையெல்லாம் நிகழ இடங்கொடுத்தது டேஷ்போர்டில் வானொலிக்கென இருந்த பொந்துதான். ஜெர்மன் தரநிலையிலிருந்து உலகெங்கும் பரவிய அதன் அளவு 180க்கு 50 மில்லிமீட்டர்; இரட்டை உயரத்தில் 100 மில்லிமீட்டர். எந்த நிறுவனத்தின் காரானாலும் எந்த நிறுவனத்தின் கருவியும் அதில் பொருந்தியது.

மறைவு

2007இல் ஐபோனும் அதனைத் தொடர்ந்து ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் வந்தன. இசை, வரைபடம், இணையம் மூன்றும் சட்டைப்பைக்கே வந்துவிட்டதால், இருக்கைக்கு அடியில் பெட்டி வைக்கும் தேவை குறைந்தது. 2014இல் ஆப்பிளின் கார்ப்ளேயும், அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்களில் இடம்பெற்றன. பழைய ஆர்வலர் சிலர் ராஸ்ப்பெரி பை போன்ற சிறு கணினிகளுக்கு மாறினர். நம் ஊர்க் கார் அலங்காரக் கடைகளில் பொருத்தப்படும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் இவ்வழியில் வந்ததே.

ஆலைக் கணினியும் உரிமைக் கேள்வியும்

2012இல் வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையுடன் வந்தது. பிற நிறுவனங்களும் திரையை டேஷ்போர்டோடு சேர்த்தே வார்க்கத் தொடங்கின. வானொலிப் பொந்து மறைந்தது. பின்புறக் கேமராவை அமெரிக்கா 2018 மே முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கியதால், திரை இல்லாத புதிய கார் அங்கு இல்லாமலே போயிற்று.

ஆயுள் வேறுபாட்டின் விளைவு 2021இல் வெளிப்பட்டது. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் இருந்த 8 கிகாபைட் நினைவகச் சில்லு, மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுத் தேய்ந்தது. திரை இருண்டது, பின்புறக் கேமராவும் நின்றது. ஏறத்தாழ 1,35,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைக்கவேண்டி வந்தது. சொந்தமாகக் கணினி பொருத்தியவருக்கு வன்தட்டு தேய்ந்தால் கடைக்குப் போய் வேறொன்று வாங்கி மாட்டுவது ஒரு பிற்பகல் வேலை.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் ஆய்வாளர்கள், ஓடும் ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினர். 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. யாரும் கைவைக்கக்கூடாது என்று பூட்டுவதற்கு இதையே காரணமாகச் சொல்லலாம். ஆனால் அவர்கள் நுழைந்த வழி, ஆலையிலேயே பொருத்திய பொழுதுபோக்குக் கருவி. அக்குறையைக் கண்டு சொன்னவர்களும் வெளியாட்களே.

அதே ஆண்டு அக்டோபரில், பழுதுபார்ப்பதற்காகக் கார் மென்பொருளைத் திறக்க அமெரிக்கப் பதிப்புரிமை விதிகளில் விலக்கு அளிக்கப்பட்டது. அப்போதும் பொழுதுபோக்குக் கருவிகள் விலக்கில் சேரவில்லை. 2018இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. சட்டம் இடங்கொடுத்தாலும், வார்த்துப் பூட்டிய திரையைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எளிதல்ல. 180க்கு 50 மில்லிமீட்டர் பொந்து ஒன்று இருந்தவரை, காரை வாங்கியவர் அதைப் பற்றி யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை.