வலியே பெயரானது: ஜின்சூ ஆற்றங்கரையின் வரலாறு

நோய்களுக்குப் பெரும்பாலும் கண்டறிந்த மருத்துவரின் பெயரோ, தோன்றிய ஊரின் பெயரோ அமைந்துவிடும். ஜப்பானின் தோயாமா மாநிலத்தில் கண்டறியப்பட்ட ஒரு நோய்க்கு நோயாளிகளின் கதறலே பெயராயிற்று. ‘இதாய்’ என்றால் ஜப்பானிய மொழியில் ‘வலிக்கிறது’ என்று பொருள். திரும்பிப் படுத்தாலும், இருமினாலும்கூட எலும்பு முறிந்து ‘இதாய், இதாய்’ என்று அலறிய பெண்களை மருத்துவமனைத் தாதியர் அச்சொல்லாலேயே குறிப்பிட்டு வந்தனர். 1955இல் உள்ளூர் நாளிதழ் ஒன்று அதை அச்சிலேற்றியது.

ஜின்சூ ஆறு மலைகளிலிருந்து இறங்கித் தோயாமா சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்வது. அதன் மேற்புறத்தில், அண்டை மாநிலமான கிஃபுவில், கமியோகா சுரங்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மிட்சுயி நிறுவனத்தின் கைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அங்கே துத்தநாக உற்பத்தி பெருகியது. போர்க்காலங்களில் மேலும் பெருகியது. துத்தநாகத் தாதுவோடு இயற்கையிலேயே கலந்திருப்பது காட்மியம். 1817இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஸ்ட்ரோமையர் காட்மியத்தைக் கண்டறிந்ததும் ஒரு துத்தநாகச் சேர்மத்திலிருந்துதான். தாதுவை மாவாக அரைத்துப் பிரித்தபின் எஞ்சிய கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து சோற்றுக்கும் காட்மியம் வந்து சேர்ந்தது.

போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பிய மருத்துவர் ஹகினோ நொபொரு, தம் குடும்ப மருத்துவமனையில் இந்தப் பெண்களைக் கண்டார். பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள், பல பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஊட்டக்குறைவு, ஓயாத வயல்வேலை, கீல்வாதம் என்ற விளக்கங்கள் எவையும் பொருந்தவில்லை. நோயாளிகளின் வீடுகளை அவர் வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, அவை யாவும் ஜின்சூ ஆற்றுநீர் பாயும் வயற்பரப்புக்குள் அடங்கியிருந்தன. 1957இல் சுரங்கக் கழிவே காரணம் என்று அவர் அறிவித்தார். நாட்டுப்புற மருத்துவர் ஒருவரின் கற்பனை என்று அதைப் பலர் எள்ளினர். ஊராரிலும் சிலர் அவரை வெறுத்தனர்: இச்செய்தி பரவினால் அரிசி விலைபோகாது, நம் ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. நோயை மறைப்பதும் பிழைப்பைக் காப்பதும் ஒன்றாகிப்போன நிலை அது. அந்த மக்களை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. வேளாண் அறிஞர் யோஷியோகாவும் ஒகயாமா பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கோபயாஷி ஜுன்னும் துணை நின்றனர். 1961இல் ஹகினோவும் யோஷியோகாவும் நஞ்சின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார்கள்: காட்மியம்.

உடலுக்குள் காட்மியம் செய்வது என்ன? உண்பதில் மிகச் சிறு பங்கையே குடல் ஈர்க்கிறது. ஆனால் உடலில் இரும்புச்சத்து குறையும்போது, இரும்பை ஈர்ப்பதற்காகக் குடல் அகலத் திறக்கும் வாயில் வழியே காட்மியமும் உள்ளே நுழைந்துவிடுகிறது. மகப்பேற்றாலும் மாதவிடாயாலும் இரும்பை இழந்த பெண்கள் அதிகம் தாக்கப்பட்டதற்கு இது ஒரு காரணம். உள்ளே சென்றது எளிதில் வெளியேறாது. அதில் பாதி நீங்கவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். சிறுநீரகத்தில் அது சேர்ந்துகொண்டே போய், வடிகட்டிய நீரிலிருந்து தேவையான உப்புகளை மீட்டெடுக்கும் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரோடு போகின்றன. வைட்டமின் டியைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுவதும் சிறுநீரகத்தின் பணியே, அதுவும் குன்றுகிறது. எலும்பு உருவாகிறது, ஆனால் அதில் தாது படிவதில்லை. ஒரு நோயாளியின் உடலை இறப்புக்குப்பின் ஆய்ந்தபோது 72 முறிவுகள் இருந்தன. எலும்பில் தெரிந்த நோயின் வேர் சிறுநீரகத்தில் இருந்தது. அதற்கும் முன்னால் வயலில் இருந்தது.

1968 மார்ச்சில் நோயாளிகளும் இறந்தோரின் குடும்பத்தாரும் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டு மே மாதம் ஜப்பானிய அரசு இதைச் சூழல் மாசால் விளைந்த நோய் என ஏற்றது. அந்நாட்டில் அவ்வாறு ஏற்கப்பட்ட முதல் நோய் இதுவே. காட்மியம் எலும்பை எவ்வாறு கெடுக்கிறது என்பதைப் படிப்படியாக மெய்ப்பிக்க வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருந்தது. உடலியல் நுட்பம் முழுவதும் தெளிவாகும்வரை காத்திருக்க வேண்டுமென்றால், நோயாளிகள் எவரும் உயிரோடு தீர்ப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள். நோய் பரவிய இடமும் காலமும் நஞ்சு பரவியதோடு பொருந்துவதே போதிய சான்று என்று 1971 ஜூன் 30 அன்று தோயாமா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972 ஆகஸ்ட் 9 அன்று மேல்முறையீட்டிலும் நிறுவனம் தோற்றது.

மறுநாளே எழுதி வாங்கிய உடன்பாடுகள் தீர்ப்பைவிட நெடுநாள் பயன் தந்தன என்பது நம் கருத்து. ஊர் மக்கள் தாங்கள் அழைத்துவரும் அறிஞர்களோடு எந்நேரமும் ஆலைக்குள் சென்று ஆய்வு செய்யலாம், செலவு நிறுவனத்துடையது என்று அதில் இருந்தது. ஆண்டுதோறும் அவர்கள் சென்றார்கள். 2001இல் கமியோகாவில் தாது வெட்டுவது நின்ற பின்பும் அது தொடர்ந்தது. அதே மலையின் அடியில்தான் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் இயங்குகிறது. உலகம் கமியோகாவை அறிந்திருப்பது பெரும்பாலும் நோபல் பரிசுகளோடு சேர்த்துத்தான்.

நஞ்சேறிய மண்ணைக் கீழே புதைத்து, மேலே மலைமண் பரப்பி, ஏறத்தாழ 860 ஹெக்டேர் நிலம் மீட்கப்பட்டது. அப்பணி 2012இல்தான் முடிந்தது. அரசுச் சான்று பெற்ற நோயாளிகள் சுமார் 200 பேர். எலும்பு முறியாமல் சிறுநீரகம் மட்டும் பழுதுற்றோர் நெடுங்காலம் கணக்கிலேயே வரவில்லை. 2013 டிசம்பரில்தான் நிறுவனம் முறைப்படி மன்னிப்புக் கேட்டு, அவர்களுக்கும் தலா 6 இலட்சம் யென் வழங்க ஒப்பியது. ஹகினோ அதைக் காண இல்லை, 1990இலேயே மறைந்துவிட்டார். சிறுநீரகப் பாதிப்பு வலிப்பதில்லை. கதறாதவர்களின் நோய் ஏட்டில் ஏறுவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.