ஏழைத் துறவிக்கு இரண்டடுக்குக் கோயில்

இத்தாலியில் பார்த்த கோயில்களில் எது மனதில் நின்றது என்று கேட்டால் ரோமைச் சொல்லமாட்டேன், அசிசியைத்தான் சொல்வேன். அங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. அது என்னை இன்னும் விடவில்லை.

பிரான்சிஸ் அந்த ஊர்த் துணி வியாபாரியின் மகன். தகப்பனாரோடு வழக்கு முற்றியபோது, ஆயர் முன்னிலையில் உடுத்தியிருந்த துணியையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர். தன் சகோதரர்களுக்கு வீடு, நிலம் எதுவும் சொந்தமாக இருக்கக்கூடாது என்றவர். 1226 அக்டோபர் 3 அன்று, ஊருக்குக் கீழே சமவெளியில், ஒரு சிறு ஜெபக்கூடத்துக்கு அருகில் இறந்தார். இரண்டு வருஷம்கூட முடியவில்லை, 1228 ஜூலை 16-இல் போப் ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். மறுநாளே கோயிலுக்கு அடிக்கல். இடம் எது தெரியுமா? குற்றவாளிகளுக்கு மரண தண்டனை கொடுத்த மேடு என்பார்கள். நரகக் குன்று என்று இருந்த பெயர் சொர்க்கக் குன்று ஆயிற்று.

வேலையை முன்நின்று நடத்தியவர் எலியாஸ் என்ற சகோதரர். பிரான்சிஸின் நெருங்கிய தோழர் லியோவுக்கு இது பொறுக்கவில்லையாம். காணிக்கை வாங்க வைத்திருந்த பளிங்குப் பாத்திரத்தை உடைத்துப் போட்டார் என்று ஒரு பழைய கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, என் அனுதாபம் லியோ பக்கம்தான். ஆனால் மேல் கோயிலுக்குள் நுழைந்ததும் எலியாஸையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

மலைச்சரிவு என்பதால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோயில்கள். கீழே தாழ்ந்த வளைவுகள், இருட்டு. மேலே உயரமும் வெளிச்சமும். மேல் கோயில் சுவர்களில் பிரான்சிஸின் வாழ்க்கை 28 ஓவியங்களாக இருக்கிறது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வரைந்தவை. ஜோத்தோவின் கை என்பவர்களும் உண்டு, இல்லை என்பவர்களும் உண்டு, அந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. முதல் படத்தில் ஊர்ச் சதுக்கத்து ரோமானியக் கோயில் வருகிறது. அது இன்றும் நிற்கிறது. அதற்குத் தூண் ஆறு, படத்தில் ஐந்து!

எனக்குப் பிடித்தது கிரெச்சோ ஊரில் 1223-இல் பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் குடில் வைத்த காட்சி. சிலுவையைப் பின்பக்கமிருந்து காட்டியிருக்கிறார் ஓவியர், அடித்த மரச்சட்டங்கள் தெரிகின்றன. சகோதரர்கள் வாயைத் திறந்து பாடுகிறார்கள். பெண்கள் உள்ளே வராமல் வாசலிலேயே கூட்டமாக நிற்கிறார்கள். படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே கோயிலில் சிமாபூவே வரைந்த சிலுவைக் காட்சியைப் பார்த்தால் நம் காலத்து போட்டோ நெகட்டிவ் ஞாபகம் வரும். ஈயம் கலந்த வெள்ளை நிறம் நாளடைவில் கறுத்துவிட்டது.

1997 செப்டம்பர் 26-இல் நிலநடுக்கம். மேற்கூரை வளைவின் ஒரு பகுதி இடிந்து விழுந்து உள்ளே நான்கு பேர் இறந்தார்கள், அதில் இருவர் துறவிகள். உதிர்ந்த ஓவியத் துண்டுகளைப் பொறுக்கி, வகை பிரித்து, முடிந்தவற்றை ஒட்டினார்கள். இரண்டே வருஷத்தில் கோயில் மறுபடி திறந்தது.

பிரான்சிஸின் உடலை 1230-இலேயே கீழ்க் கோயிலின் பீடத்துக்கு அடியில் மறைத்துப் புதைத்திருந்தார்கள். 1818-இல் தோண்டித்தான் கண்டுபிடித்தார்கள். உடனே சுற்றிலும் பளிங்கில் ஆடம்பரமாக ஓர் அறை கட்டினார்கள். நூறு வருஷம் கழித்து அது அவருக்குப் பொருந்தவில்லை என்று தோன்றியிருக்கிறது. 1925-க்கும் 1932-க்கும் இடையில் பளிங்கையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கல்லால் கட்டிவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது கல் பெட்டியும், அதைச் சுற்றி இரும்புக் கம்பியும்தான்.