067: எங்கள் கரையோரத்தின் மூன்று இலக்கங்கள்

போன வாரம் திருக்கோவிலில் ஒன்பதாம் தர வகுப்பொன்றில் கரும்பலகையில் 067 என்று எழுதி, "இது என்ன?" என்று கேட்டோம். "ஏதோ கம்பனிட கோட் சேர்" என்றான் ஒருவன். பஸ் ரூட் நம்பர் என்றாள் இன்னொருத்தி. பின்வாங்கில் இருந்தவன் மட்டும் கொஞ்சம் யோசித்து, "எங்கட கடை போர்ட்டில பழைய பெயின்ட்ல இருக்கு சேர்" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. பெரியநீலாவணை, மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் வரைக்கும், மேற்கே சம்மாந்துறைக்கும், ஒரே பிரதேச இலக்கம் இந்த 067. ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழ் ஊர் என்று மாறி மாறி வரும் கரை இது. அத்தனை வீட்டு போனுக்கும் முன்னால் அந்த மூன்று இலக்கங்கள்தான் இருந்தன.

இலங்கையின் பிரதேச இலக்கங்களை ஒரு படத்தில் குறித்துப் பாருங்கள், ஒழுங்கு தெரியும். 2 இல் தொடங்குபவை வடக்கும் வடமத்தியும்: யாழ்ப்பாணம் 021, மன்னார் 023, வவுனியா 024, அனுராதபுரம் 025. 5 இல் தொடங்குபவை மலைநாடு: ஹட்டன் 051, நுவரெலியா 052, பதுளை 055. நாம் 6 ஆம் வீட்டுக்காரர்: அம்பாறை 063, மட்டக்களப்பு 065, கல்முனை 067. இடையில் 066 ஆக மாத்தளை வந்து குந்திக்கொண்டிருக்கிறது. கிழக்கு மாகாணத்துத் திருகோணமலையோ 026 ஆகி வடக்கோடு சேர்ந்துவிட்டது. மாகாண எல்லை ஒரு கணக்கு, டெலிபோன் கம்பி இன்னொரு கணக்கு.

நாட்டுக்குத் தொலைபேசி வந்தது 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில், கொழும்புக்கு. நம் பக்கத்தவருக்கு அது நெடுங்காலம் தபாற்கந்தோர்ச் சாமானாகவே இருந்தது. கொழும்பில் ஒருவரோடு பேச வேண்டுமானால் ட்ரங் கோல் புக் பண்ணிவிட்டு வாங்கில் காத்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் ஒவ்வொரு இடமாகப் பிடித்து இணைத்துக் கொடுப்பார். அந்த மனிதரின் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தபோதுதான் பிரதேச இலக்கம் தேவைப்பட்டது. முதலில் வரும் 0 "இது வெளியூர் அழைப்பு" என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும். அடுத்து வருவது எந்தப் பிரதேசம் என்று சொல்லும். மிச்சம் வீட்டு இலக்கம்.

1947 இல் அமெரிக்காவில் இந்த முறைக்குத் திட்டம் போட்டவர்கள் பெரிய நகரங்களுக்குச் சின்ன இலக்கங்களைக் கொடுத்தார்கள். நியூயோர்க் 212, சிக்காகோ 312. சுழற்றும் டயலில் 1 க்கு ஒரு துடிப்பு, 0 க்குப் பத்து. நியூயோர்க்குக்கு ஐந்தே துடிப்பு. அந்தக் கணக்கில் கொழும்பின் பழைய 01 க்குப் பதினொன்று, நமது 067 க்கு இருபத்திமூன்று! விரல் நோகத்தான் செய்யும்.

2003 க்கு முன் கொழும்பு 01, கண்டி 08, காலி 09. அவற்றின் பின்னால் ஆறு இலக்கங்கள். நமக்கு 067 க்குப் பின்னால் ஐந்து. மொத்தம் எல்லோருக்கும் எட்டுத்தான். ஆனால் ஆறு இலக்கத்தில் பத்து இலட்சம் எண்கள் அமைக்கலாம், ஐந்தில் ஒரு இலட்சம்தான். 2003 இல் எல்லாவற்றையும் பத்து இலக்கமாக்கினார்கள். கொழும்பு 011, கண்டி 081, காலி 091 ஆனது. நமது 067 மாறவில்லை. ஐந்து இலக்க வீட்டு எண்ணுக்கு முன்னால் 22 வந்து சேர்ந்தது. முதல் 2 ஸ்ரீலங்கா டெலிகொம்மைக் குறிக்கும். 4 என்றால் அப்போது சன்டெல், 5 என்றால் லங்கா பெல். இன்றும் சில வயதாளிகள் தங்கள் நம்பரைக் கேட்டால் கடைசி ஐந்தைத்தான் சொல்வார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் நம்மை எப்போதும் யோசிக்க வைப்பது.

1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டத்தை உண்டாக்கினார்கள். கச்சேரி உள்நாட்டில், அம்பாறை நகரத்தில். கரையோரத்து மனிதன் காணி அலுவலுக்கும் மற்ற அலுவல்களுக்கும் அங்கேதான் போக வேண்டும். போனிலும் அப்படியே: கல்முனையிலிருந்து திருக்கோவிலுக்குப் பேச கோட் வேண்டாம், சொந்த மாவட்டக் கச்சேரிக்குப் பேச 063 அடிக்க வேண்டும். அதே மாவட்டத்துத் தெஹியத்தகண்டிக்கு பொலன்னறுவையின் 027. ஒரே மாவட்டத்துக்கு மூன்று கோட்!

கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் முஸ்லிம் காங்கிரஸ் காலந்தொட்டு இருக்கிறது. தமிழ்ச் சகோதரர்களுக்கு அதில் தங்கள் அச்சங்கள் உண்டு. அது இன்னும் தீரவில்லை. ஆனால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் யார் யாரோடு சேர்ந்து புழங்குகிறார்கள் என்பதை எந்த ஆணைக்குழுவும் இல்லாமலே 067 குறித்து வைத்திருந்தது என்று நமக்குப் படுகிறது. அதில் இனம் பார்க்கவில்லை.

அதிலும் ஒரு குறை. பொத்துவிலும் அறுகம்பையும் 063. திருக்கோவில் மக்கள் வாக்களிப்பது பொத்துவில் தேர்தல் தொகுதியில், போனில் மட்டும் அவர்கள் கல்முனையோடு, பொத்துவில் அம்பாறையோடு. அக்கரைப்பற்றில் பெண் எடுத்த பொத்துவில் மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் பேசினால் அது வெளிப்பிரதேச அழைப்பு.

தொண்ணூறுகளில் வீட்டு போன் இல்லாதவர்களுக்குக் கொமினிகேசன் கடைதான். சவூதியிலும் கத்தாரிலும் இருந்தவர்கள் 0094 67 என்று அடித்து, "அரை மணித்தியாலத்தில எடுக்கிறன், உம்மாவைக் கூப்பிட்டு விடுங்க" என்பார்கள். கடைப் பொடியன் ஓடுவான். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, ரிசீவரைப் பிடித்தபடி பாதி நேரம் அழுவார். நிமிடக் கணக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கும். பாதை பூட்டிக் கிடந்த நாட்களில், பக்கத்து ஊர்ச் சிநேகிதன் உயிரோடு இருக்கிறானா என்று தமிழரும் முஸ்லிமும் விசாரித்துக்கொண்டதும் போனில்தான். கோட் அடிக்காமலே கிடைக்கும் தூரம், நடந்து போக முடியாத தூரம்.

2004 டிசம்பர் 26. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது மாவட்டம். வெளிநாட்டிலிருந்தவர்கள் அன்று முழுக்க 67 ஐ அடித்துக்கொண்டே இருந்தார்கள். மணி போகவில்லை. மணி போய் யாரும் எடுக்காத வீடுகளும் இருந்தன. எது மோசம் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அதன் பிறகு சிடிஎம்ஏ போன் வந்தது. கம்பி இல்லை, ஆனாலும் 067 உண்டு. பின்னர் 077 உம் 071 உம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன. அந்த இலக்கங்கள் கம்பனியைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. ஆக, "ஏதோ கம்பனிட கோட்" என்ற பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. அவன் அறிந்த கோட் எல்லாம் கம்பனி கோட்தான்.

அடுத்த பாடத்துக்கு எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம்: வீட்டில் மூத்தவரிடம் போய், முதன்முதலில் போனில் யாரோடு பேசினீர்கள், எங்கே நின்று பேசினீர்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். அந்தக் கடைக்காரர் மகன் போர்ட்டையும் படம் பிடித்து வருகிறானாம்.