புறமுதுகிட்ட வீரன்: தளபதி என்ன செய்ய வேண்டும்?

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை நோக்கிப் போகும் சாலையில் தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பார்க்காமல் கடக்க முடியாது. மேற்கே கல்வராயன் மலைத்தொடர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், மைசூர்ப் படையினர் என்று மாறி மாறி மோதிக்கொண்ட கோட்டை இது. 1790ஆம் ஆண்டின் இறுதியில் திப்பு சுல்தானின் படை இதைத் தாக்கியது. உள்ளே இருந்த கேப்டன் ஃபிளின்ட்டின் சிறு படை நிலைகுலையாமல் நின்றதால் கோட்டை விழவில்லை.

கோட்டைகள் விழுவதும் நிற்பதும் பீரங்கியால் மட்டும் முடிவாவதில்லை. பத்துப் பேர் திரும்பி ஓடினால் நூறு பேர் பின்னால் ஓடுவார்கள். சினிமாவில் இதற்கு ஒரே தீர்வுதான் காட்டுவார்கள்: தளபதி கைத்துப்பாக்கியை எடுப்பார், ஓடுகிறவனைச் சுடுவார், மற்றவர்கள் திரும்பிவிடுவார்கள். நம் ஊர் இளைஞர்கள் பலர் இன்று ராணுவ ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறார்கள். அவர்களிடம் கேட்டாலும் இந்தப் பதிலே வரக்கூடும். இது சரிதானா? மார்க்கமும் வரலாறும் இன்றைய சட்டமும் இதில் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

தமிழ் மரபில் புறமுதுகு காட்டுவது பெரும் இழிவு. மகன் முதுகு காட்டி மாண்டான் என்று கேள்விப்பட்ட முதிய தாய் ஒருத்தி, அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களம் புகுந்ததைப் புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியிருக்கிறார். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களும், ஆநிரை மீட்கும் பூசல்களில் நின்று மடிந்தவர்களுக்காக எழுப்பப்பட்டவையே. ஓடியவனுக்குக் கல் கிடையாது. ஆனால் திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் முடிகிற இடம் கவனிக்கத்தக்கது. உறுதியான வீரர்கள் எத்தனை பேர் இருந்தாலும் தலைவர்கள் இல்லாவிட்டால் அது படையே அல்ல என்கிறார் வள்ளுவர். அதாவது ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஓடியவனை மட்டும் பார்த்தால் போதாது.

இனி மார்க்கச் சட்டம். போர்க்களத்திலிருந்து ஓடுவது, அழிவில் தள்ளும் ஏழு பெரும்பாவங்களில் ஒன்று என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உள்ளது. அல்குர்ஆன் 8:15, 16 வசனங்களும் கடுமையாக எச்சரிக்கின்றன. ஆனால் அதே 16ஆம் வசனம் இரண்டு விதிவிலக்குகளைத் தருகிறது. போர்த் தந்திரமாக இடம் மாறுவது ஒன்று. தன் அணியினரில் வேறொரு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளப் பின்வாங்குவது இன்னொன்று. அடுத்து 8:66, எதிரி இரு மடங்கு இருக்கும் வரை நிற்க வேண்டும் என்று சுமையை இலேசாக்கியது. எதிரி அதற்கும் மேல் பெருகிவிட்டால் பின்வாங்குவது குற்றமாகாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் இதிலிருந்து விளக்கம் எடுத்துள்ளார்கள். ஆகவே ஒருவன் பின்னோக்கிப் போவதைக் கண்டதும் தளபதி முதலில் கேட்க வேண்டியது, இது ஓட்டமா, பின்வாங்கலா என்பதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருட்டுக்கும் அவதூறுக்கும் இருப்பதுபோல, களத்திலிருந்து ஓடுவதற்கு ஹத்து எனப்படும் நிர்ணயிக்கப்பட்ட தண்டனை கிடையாது. பாவம் மிகப் பெரியது. உலகில் அதற்கு என்ன செய்வது என்பது தலைவரின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. அந்தப் பொறுப்பை அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதே நமக்கு முன்மாதிரி.

ஹிஜ்ரி 3, உஹுத். அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளிகள் குன்றில் நிறுத்தப்பட்டார்கள். என்ன நடந்தாலும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது கட்டளை. வெற்றி தெரிந்ததும் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். அப்போது எதிரணியில் இருந்த காலித் பின் வலீத் அந்த வழியாகப் பின்னாலிருந்து பாய்ந்தார். நபியவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்ற வதந்தியும் பரவியது. சிலர் மலைமேல் ஏறினார்கள், சிலர் மதீனாவை நோக்கி ஓடினார்கள். தூதர் பின்னாலிருந்து அழைத்துக்கொண்டிருக்க, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நீங்கள் ஓடினீர்கள் என்று 3:153 அந்தக் காட்சியை மறைக்காமல் பதிவு செய்கிறது.

70 பேர் ஷஹீதானார்கள். நபியவர்களின் முகம் காயப்பட்டது, பல் உடைந்தது, சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) சிதைக்கப்பட்டுக் கிடந்தார்கள். கட்டளையை மீறியவர்கள் யார், ஓடியவர்கள் யார் என்பதெல்லாம் தெரியும். எந்தப் படைத்தலைவருக்கும் கோபம் கொள்ள இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. ஆனால் யாரும் விசாரணைக் கூண்டில் நிறுத்தப்படவில்லை. ஓடியவர்களை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று 3:155 அறிவித்தது. 3:159 தலைவருக்கே வழி சொன்னது: கடுகடுப்பானவராக இருந்திருந்தால் அவர்கள் உம்மை விட்டுக் கலைந்து போயிருப்பார்கள், அவர்களைப் பொறுத்துக்கொள்ளும், அவர்களுக்காக மன்னிப்புக் கேளும், காரியங்களில் அவர்களிடம் ஆலோசனை கலந்துகொள்ளும் என்பது அதன் கருத்து. மன்னிப்பதோடு நிற்காமல் ஆலோசனைச் சபையிலும் அவர்களை உட்கார வைக்கச் சொன்ன வசனம் இது. நேற்று ஓடியவனிடம் இன்று கருத்துக் கேட்கும் தளபதியை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்?

மறுநாள் நடந்தது அதைவிட முக்கியம். குறைஷிகளைத் தொடர்ந்து செல்ல ஒரு படை கிளம்பியது. நேற்று உஹுதில் இருந்தவர்கள் மட்டுமே வர வேண்டும் என்பது அறிவிப்பு. ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) தனிக் காரணம் சொல்லி அனுமதி பெற்றார். புதிதாக வேறு யாரும் சேர்க்கப்படவில்லை. காயத்தோடும் வெட்கத்தோடும் இருந்த அதே ஆட்கள் ஹம்ராஉல் அஸத் வரை சென்றார்கள். அவர்களைத்தான் 3:172 புகழ்கிறது. தவறு செய்தவனுக்கு அதே வேலையை மறுநாளே திரும்பக் கொடுப்பது என்பது இதுதான்.

பல ஆண்டுகள் கழித்து எகிப்திலிருந்து வந்த ஒருவர், உஸ்மான் (ரலி) உஹுத் நாளில் ஓடியவர்தானே என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். ஆம், ஆனால் அல்லாஹ் அவரை மன்னித்துவிட்டான் என்பதற்கு நான் சாட்சி என்று பதில் வந்தது. புகாரியில் உள்ள செய்தி. முடிந்துபோன விஷயத்தை அரசியலுக்காகத் தோண்டுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள்.

ஹிஜ்ரி 8, ஹுனைன். இம்முறை முஸ்லிம்கள் 12,000 பேர். மக்கா வெற்றிக்குப் பின் புதிதாகச் சேர்ந்த 2,000 பேரும் அதில் அடக்கம். எண்ணிக்கை தந்த பெருமிதம் பயன் தரவில்லை என்று 9:25 கூறுகிறது. அதிகாலையில் பள்ளத்தாக்கில் இறங்கியபோது ஹவாஸின் கூட்டத்தின் வில்லாளிகள் மறைவிலிருந்து அம்பு பொழிய, படை சிதறியது. நபியவர்கள் தம் கோவேறு கழுதையை எதிரியை நோக்கியே செலுத்தினார்கள். உரத்த குரல் கொண்ட அப்பாஸ் (ரலி) அவர்களிடம், மரத்தடியில் உறுதிமொழி தந்தவர்களை அழைக்கச் சொன்னார்கள். ஓடியவர்களைக் கோழைகளே என்று அழைக்கவில்லை. அவர்களுடைய வாழ்வின் மிகச் சிறந்த நாளை நினைவூட்டி அழைத்தார்கள். தாய்ப்பசு கன்றிடம் பாய்ந்து வருவதுபோல் அவர்கள் திரும்பினார்கள் என்கிறது அறிவிப்பு.

நம் தலைப்புக்கு நேரடியான சம்பவமும் அன்றுதான் நடந்தது. இடுப்பில் கத்தியோடு களத்தில் நின்ற உம்மு ஸுலைம் (ரலி), உங்களை விட்டு ஓடிய அந்தப் புதியவர்களைக் கொன்றுவிடுங்கள் என்று கேட்டார். தாம் நின்றவர் என்பதால் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. அல்லாஹ் நமக்குப் போதுமானவனாகி நன்மையே செய்துவிட்டான் என்று நபியவர்கள் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. இது முஸ்லிமில் உள்ளது. பின்னர் போர்ப்பொருள் பங்கிட்டபோது மக்காவின் புதிய முஸ்லிம் தலைவர்களுக்கே அள்ளிக் கொடுத்தார்கள். அன்சாரிகளில் சிலருக்கு அது மனக்குறையானது என்பதும் மறைக்கப்படவில்லை.

முஃதாவிலிருந்து காலித் (ரலி) படையைக் காப்பாற்றி அழைத்து வந்தபோது மதீனாவாசிகள் ஓடிப்போனவர்களே என்று மண்ணை வாரி இறைத்தார்கள் என்றும், இவர்கள் திரும்பவும் பாயப் போகிறவர்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள் என்றும் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி விமர்சனம் உண்டு. உமர் (ரலி) ஆட்சியில் நடந்த பாலப் போர் வேறொரு பாடம். யானைகளின் முன் படை கலைந்தபோது, யாரும் ஓடக் கூடாது என்று நம்மவர் ஒருவரே யூப்ரடீஸ் மேலிருந்த பாலத்தை வெட்டிவிட்டார். திரும்ப வழியில்லாமல் பலர் ஆற்றில் மூழ்கினார்கள். முஸன்னா (ரலி) எதிரியைத் தடுத்து நின்று, பாலத்தைச் சரிசெய்து, மீதிப் பேரைக் கடத்தினார். வெட்கத்தோடு மதீனா வந்தவர்களிடம், நீங்கள் சேர வந்த கூட்டம் நான்தான் என்று உமர் (ரலி) கூறியதாக தபரீ பதிவு செய்கிறார். 8:16இன் இரண்டாம் விதிவிலக்கைத் தம் பெயரிலேயே ஏற்றுக்கொண்டார் ஆட்சியாளர்.

அப்படியானால் தண்டனையே இல்லையா? உண்டு. காரணமின்றி தபூக்குக்குப் போகாமல் தங்கிய கஅப் பின் மாலிக் (ரலி) உள்ளிட்ட மூவர் 50 நாள் சமூக ஒதுக்கலை அனுபவித்தார்கள். ஆனால் அது நிதானமாக எடுத்த முடிவில் நேர்ந்த தவறு. அம்பு மழையில் ஒரு நொடி கால் நழுவுவது அல்ல. எதிரிக்கு உளவு சொல்வதும், திட்டமிட்டு மற்றவர்களைக் கலைப்பதும் வேறு வகை. இவற்றையெல்லாம் ஒரே தராசில் போடும் தளபதி அநீதியே செய்வார்.

இன்றைய இந்தியச் சட்டத்துக்கு வருவோம். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, வெட்கக்கேடாகக் காவல் நிலையைக் கைவிடுவது, எதிரியின் முன் ஆயுதத்தை எறிவது, கோழைத்தனம் காட்டுவது ஆகியவற்றுக்கு மரண தண்டனை வரை இடமளிக்கிறது. பணிமுனையில் படையை விட்டு ஓடுவதற்கு 38ஆம் பிரிவிலும் அப்படியே. ஆனால் இது ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பளித்தால்தான். ஜெனரல் கோர்ட் மார்ஷலில் மரண தண்டனைக்கு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உடன்பட வேண்டும். சினிமாத் தளபதி செய்வது இந்தச் சட்டம் வகுத்த வழி அல்ல.

நீதிமன்றம் வைத்தும் தவறலாம். முதல் உலகப் போரில் ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற தன் வீரர்களில் 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் ஹாரி ஃபார் என்பவர் குண்டு அதிர்ச்சிக்காக முன்பே மருத்துவமனையில் இருந்தவர், 1916இல் கொல்லப்பட்டார். இன்று மனநல மருத்துவம் பார்க்கும் நோயை அன்று குற்றமாகப் பார்த்தார்கள். 90 ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு அவருடைய மகளுக்குக் கிடைத்தது, அவருக்கு அல்ல.

நம் நாட்டு வரலாற்றில் இதற்குப் பொருத்தமான சம்பவம் ஒரு டிவிஷனின் கதை. 1962 நவம்பரில் வடகிழக்கு எல்லையில், சேலா, போம்டிலா பகுதியில் சீனத் தாக்குதலின்போது குலைந்துபோனது இந்திய ராணுவத்தின் 4ஆவது டிவிஷன். பொறுப்பு சிப்பாய்கள் தலையில் மட்டும் விழவில்லை. கோர் தளபதி கவுல் விலகினார். அவர் இடத்துக்கு வந்த மானெக்‌ஷா, எழுத்துபூர்வ உத்தரவின்றிப் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் உத்தரவு வராது என்று தெளிவாகச் சொன்னார். ஒருவரையும் மிரட்டாத, ஆனால் குழப்பத்துக்கு இடமே தராத பேச்சு அது.

மூன்றாண்டு கழித்து, 1965 செப்டம்பரில், அதே டிவிஷன் பஞ்சாபின் கேம்கரன் முனையில். முதல் தாக்குதல் தோற்றது. சில பட்டாலியன்களிலிருந்து ஏராளமானோர் களத்தை விட்டு நழுவினார்கள். மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங் இதைத் தம் போர் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். டிவிஷன் அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றித் தற்காப்பு அமைத்தது. மிஞ்சியவர்களைக் கொண்டே அங்கு நிற்பது என்று முடிவானது. வயல்களில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கரும்புக்குள் பீரங்கிகள் மறைக்கப்பட்டன. செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டையில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கிப் பெருமளவில் அழிந்தன. அந்த டிவிஷனில் இருந்த 4ஆவது கிரனேடியர்ஸின் ஹவில்தார் அப்துல் ஹமீத், ஜீப்பில் பொருத்திய துப்பாக்கியோடு சீமா கிராமத்தருகே டாங்கிகளை ஒவ்வொன்றாகத் தகர்த்து, 10ஆம் தேதி உயிர் துறந்தார். உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்துத் தையல் குடும்பத்துப் பிள்ளை. பரம்வீர் சக்ரா அவருடைய மனைவி ரசூலன் பீவியிடம் கொடுக்கப்பட்டது.